அழகைச் சாட்சிக்கு அழைத்தவர்

அமர் கன்வரின் 'குற்றம் நடந்த இடம்' என்ற படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகை மெச்சிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அழகு இல்லாமலில்லை. 2011-இல் எடுத்த படம் அது, 42 நிமிஷம் ஓடுகிறது. புல் அசைகிறது, நீரின்மேல் வெளிச்சம் படர்ந்து கலைகிறது. காமிராவுக்கு அவசரமே கிடையாது.

ஆனால் அந்தக் காட்சிகள் ஏறக்குறைய எல்லாமே ஒடிஸாவில் தொழில்களுக்கென்று குறித்து வைத்து, கையகப்படுத்திக்கொண்டிருந்த நிலங்களில் எடுத்தவை. இது தெரிந்த மாத்திரத்தில் அதே புல் வேறு புல்லாகிவிடுகிறது. நாளை இடிக்கப்போகிற வீட்டில் இன்று வாசல் தெளிப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

'மறைந்துவரும் சமூகங்கள்' என்று விமரிசகர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல்லே பிடிக்கவில்லை. பனியா, தானாக மறைய? கலிங்கநகரில் 2006 ஜனவரி 2-ஆம் தேதி, இரும்பாலைக்கு நிலம் விடமாட்டோம் என்று நின்ற ஆதிவாசிகள்மீது போலீஸார் சுட்டார்கள். 12 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். ஜகத்சிங்பூர் ஜில்லாவில் போஸ்கோ என்ற கொரிய நிறுவனத்தின் ஆலைக்காக வெற்றிலைக் கொடிக்கால்களை வெட்டிச் சாய்த்தார்கள். 2005-இல் ஒப்பந்தம் போட்ட நிறுவனம் 2017-இல் விலகிக்கொண்டது. நிலம் குடியானவனிடம் திரும்பவில்லை. சர்க்காரின் நில வங்கிக்குப் போயிற்று. நியம்கிரியிலோ 2013-இல் 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லி, மலையைக் காப்பாற்றிக்கொண்டன. ஆகவே இது விதியின் காரியம் அல்ல. கன்வர் தலைப்பிலேயே 'குற்றம்' என்று போட்டிருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஒரு குறையும் சொல்லவேண்டும். அந்த ஒரு தகவலை எடுத்துவிட்டால் படம் கண்ணுக்கு இதமான இயற்கைக் காட்சியாக நின்றுவிடும். கதாநாயகி சாகப்போகிறாள் என்பதை அட்டையில் அச்சிட்டுத்தான் தெரிவிக்கவேண்டும் என்றால், அந்த நாவலை நான் முழு வெற்றி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். கன்வருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது. 2012-இல் ஜெர்மனியின் காஸ்ஸல் நகரத்துப் பெரிய கண்காட்சியில் அவர் படத்தைத் தனியாக விடவில்லை. 'இறையாண்மைக் காடு' என்ற பெயரில், 266 வகை நாட்டு நெல் விதைகளையும், கையால் செய்த காகிதத்தில் புத்தகங்களையும் அதோடு சேர்த்து வைத்தார். வெளிச்சத்தை நம்பாதவன் விதையையாவது நம்பட்டும் என்ற எண்ணம் போலும். நெல் வகைகளைப் பார்த்தபின் புல்லின் அழகு வெறும் அழகாக இருக்க முடியாது.

காஸ்ஸலில் அதைப் பார்த்தவர்கள் கலாரசிகர்கள். அதே வருஷம் புவனேசுவரத்திலும் அதை வைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்களிடமுள்ள ஆதாரங்களைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்றும் அங்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். நிலத்தை இழந்தவன் ஒரு பழைய பட்டா நகலோடு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். எனக்கு அந்த இரண்டாவது கண்காட்சிதான் பெரிதாகப் படுகிறது.