சிறையும் கெரெயும்: அருஞ்சொல் என்பது எது?

மல்லேஸ்வரத்தில் வளரும் நம் பிள்ளைகள் பழந்தமிழ்ப் பாடலைக் கையில் எடுத்ததுமே, "இது என்ன தமிழ்? ஒண்ணுமே புரியலையே!" என்கிறார்கள். கைகொடுக்க வேண்டிய உரைநூல்களோ, 'அருஞ்சொற்பொருள்' என்று அடியில் ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. 'சிறை – அணை. மனை – வீடு. நாற்றம் – மணம்.' அவ்வளவுதான். ஏன் என்ற விளக்கம் கிடையாது. மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. இந்த முறை போதாது என்பதே என் கருத்து.

'சிறை'யையே எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியப் புறத்திணையியல், பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் 'கற்சிறை'யைப் படையை எதிர்த்து நிற்கும் வீரனுக்கு உவமை சொல்கிறது. தடுத்து வைப்பது சிறை. நீரைத் தடுத்தால் அணை, ஆளைத் தடுத்தால் ஜெயில். மலையாளத்தில் 'சிற' என்றால் அணை, குளம். கன்னடத்தில் அதுவே 'கெரெ'. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் வந்த பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடம் அதை மாற்றவில்லை. நம் செவி அங்கே கிவி, நம் சேரி அங்கே கேரி. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) சிறையையும் கெரெயையும் ஒரே வேரில் சேர்க்கிறது. ஆக, 1882-இல் அமைத்த சாங்கி கெரெயைச் சுற்றி வாக்கிங் போகிறவர்கள், தொல்காப்பியச் சொல் ஒன்றைத்தான் சுற்றி வருகிறார்கள்!

'மனை' இன்று நமக்குப் பத்திரம் பதிகிற காலி நிலம். கன்னட 'மனெ' வீடுதான். 'மனைவி'யில் அந்தப் பழம்பொருள் நம்மிடமும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கன்னடம் உதவும் என்று சொல்ல வரவில்லை. 'ஹேளு' நம் 'கேள்' போல ஒலித்தாலும் பொருள் 'சொல்' என்பது. திருப்பாவையில் ஆண்டாள் துளசியின் மணத்தை 'நாற்றம்' என்றதும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதற்கு விடை தமிழிலேயே உண்டு: நாற்றமே கெட்டதென்றால் 'துர்நாற்றம்' என்று தனியாக எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆகவே உரை எழுதுவோர், பாடம் சொல்லித் தருவோர், அருஞ்சொல்லுக்குப் பொருளோடு அதன் உறவையும் காட்ட வேண்டும். தெருவில் கன்னடம் பேசுகிற பிள்ளைக்குத் தமிழ் தூரமாகிவிட்டது என்று வருந்துகிறோம். அந்தப் பிள்ளைக்குப் பாதி அருஞ்சொல் ஏற்கெனவே தெரியும். அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.