திருநள்ளாறும் தேடுபொறியும்: உள்ளடக்கத் தரம் பற்றிய திறனாய்வு

தேடுபொறி உகப்பாக்கம் என்பது ஓர் இணையப்பக்கம் தேடல் முடிவுகளில் முன்வரிசையில் தோன்றும்படி அதை அமைக்கும் வேலை. இதற்குத் தரமான உள்ளடக்கமே முதல் வழி என்று கையேடுகள் சொல்கின்றன. தரம் என்பது எது என்று கேட்டால் மட்டும் பெரும்பாலானவை நழுவிவிடுகின்றன. தமிழ் இணையத்தில் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் திருநள்ளாறு நல்ல தலைப்பு.

திருநள்ளாறு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில், காரைக்கால் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சப்த விடங்கத் தலங்கள் ஏழனுள் ஒன்று. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சிக்கு இங்கே இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அவர்களில் பலர் புறப்படுமுன் கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடுவோர் பெருகிய இடத்தில் பக்கங்களும் பெருகும். ஆனால் இந்தப் பக்கங்களில் கணிசமானவை ஒன்றிலிருந்து ஒன்று நகல் எடுத்தவை. எழுத்துப்பிழைகூட மாறாமல் ஒரே பத்தி பல தளங்களில் கிடப்பதைச் சில நிமிடத் தேடலிலேயே காணலாம்.

செயற்கைக்கோள் கதை

நகல்களில் பெரும்புகழ் பெற்றது செயற்கைக்கோள் கதை. திருநள்ளாற்றுக் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 நொடி நின்றுவிடுகின்றன, நாசா அறிவியலாளர்கள் வியந்து நேரில் வந்து வணங்கினார்கள் என்பது அதன் சுருக்கம். எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு, வந்தவர் பெயர் என்ன என்ற விவரங்கள் பெரும்பாலான வடிவங்களில் இல்லை. கதை நகலாக நகலாக அது நின்ற நேரம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இதை மறுக்க வானியல் நிபுணர் தேவையில்லை. பள்ளி இயற்பியல் போதும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கி.மீ. அளவு வேகத்தில் போகிறது. அந்த வேகந்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழத் தொடங்கும்; 3 நொடி கழித்துத் தானாகப் பழைய வேகத்தைப் பெற வழியில்லை. கோயிலிலிருந்து கடற்கரை ஏழெட்டு கி.மீ. தொலைவுதான். கிழக்கு நோக்கிப் போகும் செயற்கைக்கோள் ஒரு நொடியைச் சற்றே கடக்கும்போது கடலுக்கு மேல் போய்விடும். பூமியிலிருந்து பார்க்க நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கி.மீ. உயரத்தில்தான் அப்படி இருக்க முடியும். திருநள்ளாறு ஏறத்தாழ 11 பாகை வடக்கே, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து 1,200 கி.மீ. தள்ளி இருக்கிறது.

இந்த ஒரு பத்தியை எழுத அரை மணி நேரம் ஆகும். கதையை நகல் எடுத்து ஒட்ட அரை நிமிடம். தமிழ் இணையத்தின் சிக்கல் பெருமளவு இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. கதையைப் பரப்பியவர்கள் எல்லாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஊர்ப்பெருமை பேசியவர்களே மிகுதி. ஆனால் மூவர் பாடிய தலத்துக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எந்த நாளில் பெயர்ச்சி?

செயற்கைக்கோள் கதையால் யாருக்கும் கைப்பணம் போகாது. நாள் தவறினால் போகும்.

சனிப்பெயர்ச்சி நாளைக் கணிக்கத் தமிழகத்தில் இரண்டு பஞ்சாங்க முறைகள் வழக்கில் உள்ளன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களின் வழியே கணிப்பது. திருக்கணிதம் பிற்கால வானியல் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டது. சனி மெல்ல நகரும் கோள். சூரியனைச் சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ஆகவே கணிப்பில் சிறு வேறுபாடு வந்தாலும் நாளில் அது மாதங்களாக விரியும். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. இடைவெளி பதினோரு மாதம். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கிய முறையை. அங்கே விழா டிசம்பரில்தான் நடந்தது.

அடுத்த பெயர்ச்சியிலும் இதே குழப்பம். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று ஏராளமான சோதிடப் பக்கங்கள் எழுதின. திருக்கணிதப்படி அது சரியே. அந்த நாளில் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா இல்லை, வாக்கியப்படி அது 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு, ‘எந்தப் பஞ்சாங்கப்படி’ என்ற இரண்டு சொற்கள் இல்லாத பக்கத்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கங்கள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ராசிக்கும் பலன், பரிகாரம், படங்கள் என்று நீளமாகவும் இருந்தன. நீளத்தையும் படத்தையும் தரத்தின் அடையாளமாகக் கற்பிக்கும் கையேடுகளின்படி பார்த்தால் அவை நல்ல பக்கங்கள். தேடியவருக்குத் தேவையான ஒரு வரி மட்டும் அவற்றில் இல்லை. உள்ளடக்கத்தின் தரத்தை அந்த ஒரு வரியைக் கொண்டே அளக்க வேண்டும்.

தேடுபொறி எதைப் பார்க்கிறது?

1998இல் தொடங்கிய கூகுளின் முதல் சிறப்பு, ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் தரும் இணைப்புகளைப் பரிந்துரையாக எண்ணியது. உடனே இணைப்புகளை விலைக்கு வாங்கும் வணிகம் தோன்றியது. பக்கத்தின் மறைவில் குறிச்சொற்களை அடுக்கும் பழக்கமும் இருந்தது. அந்தக் குறிச்சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா மாற்றம் நகலும் வெறுமையுமான தளங்களைக் கீழே தள்ள முயன்றது. 2022 ஆகஸ்டில் ‘பயனுள்ள உள்ளடக்கம்’ என்ற பெயரிலும், 2024 மார்ச்சில் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களுக்கு எதிரான விதிகளாகவும் அந்த முயற்சி தொடர்ந்தது.

இவற்றால் நல்ல பக்கம் தானே மேலே வந்துவிடும் என்று நம்புவது அப்பாவித்தனம். எந்திரத்தால் திருநள்ளாற்றுக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் படிக்க முடியாது. பத்துப் பக்கங்கள் ஒரே நாளைச் சொன்னால் அதையே அது முன்வைக்கலாம். தேடல் முடிவின் தலையில் செயற்கை அறிவு சுருக்கம் எழுதித் தரும் இக்காலத்தில், அந்தப் பத்துப் பக்கங்களைப் படிப்பவர்கூடக் குறைகிறார். தமிழில் சரியான பக்கம் ஒன்றாவது இருந்தால்தான் சுருக்கத்துக்கும் சரியான மூலம் கிடைக்கும்.

நன்றாக எழுதுகிறவர்களிடமும் குறை உண்டு. தேடுகிறவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மக்கள் ‘சனீஸ்வரன் கோயில்’ என்று தேடுகிறார்கள். அறிஞர் தம் கட்டுரைக்குத் ‘தர்ப்பாரண்யேசுவரம்’ என்று தலைப்பிட்டு மறைந்துபோகிறார். மூலவர் தர்ப்பாரண்யேசுவரர், சனீசுவரனுக்குத் தனிச் சந்நிதி உண்டு என்பது அவசியமான செய்திதான். அதைச் சொல்ல முதல் பத்தி இருக்கிறது. தலைப்பில் மக்கள் சொல்லை வைப்பது இழுக்கல்ல.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் வேற்றுமை உருபு. ‘திருநள்ளாறு’ உருபு ஏற்றால் ‘திருநள்ளாற்றில்’, ‘திருநள்ளாற்றுக்கு’ என்று மாறுகிறது. ‘று’ போய் ‘ற்று’ வந்துவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் முதல் சொல் இரண்டாவதற்குள் இல்லவே இல்லை. இரண்டும் ஓர் ஊர்தான் என்று மாணவர் உடனே அறிவார்; எந்திரத்துக்கு அதைக் கற்பிக்க வேண்டும். தலைப்பிலும் முதல் வரியிலும் ஊர்ப்பெயரை உருபு இல்லாமல் ஒருமுறை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். ‘திருநள்ளார்’ என்ற பரவலான பிழை வடிவத்தையும் ஓரிடத்தில் பிழை என்றே குறித்துவைக்கலாம். தேடி வருபவர் அதைக் கொண்டும் வரட்டும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியேற்றத்தில் இருந்தன; அவற்றின் செய்திகள் பொதுவான தேடலில் அகப்படவில்லை. இன்று அந்தத் தவறு வேறு உருவில் திரும்பியிருக்கிறது. விழா அறிவிப்பை அச்சுத்தாளாகப் படம் பிடித்துப் புலனக் குழுக்களில் அனுப்புகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து அந்தக் குழுவைத் தாண்டித் தேடுபவர் கைக்கு வருவதில்லை. அதே நான்கு வரியைத் தட்டச்சு செய்து, தேதியிட்டு, ஒரு பக்கத்தில் போட்டால் போதும்.

தேதியிடுவது முக்கியம். 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் இப்போது மயிலாடுதுறை மாவட்டம். காரைக்காலைத் தமிழ்நாட்டு மாவட்டமாகக் காட்டும் பக்கங்களும் உண்டு. வடக்கே நாகப்பட்டினம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பக்கங்களும் உண்டு. இரண்டாம் வகைப் பக்கங்கள் எழுதப்பட்டபோது சரியாக இருந்தவை. எப்போது எழுதப்பட்டன என்று மட்டும் அவற்றில் இல்லை.