வினாவும் வாக்கும்

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை மதிப்பிடப் புகுவோர் அவர்தம் சொல்வன்மையையே பெரிதும் நோக்குவர். அவர் எழுப்பிய வினாவும் அளித்த வாக்கும் தம்முள் இயைகின்றனவா என்பதே தக்க அளவுகோல் என்பது எம் துணிபு. பிரித்தானியத் தொழிற்கட்சி உறுப்பினராயிருந்த டாம் டீயெல் இதற்குச் சான்றாவார்.

போக்லாந்துப் போரின்போது, 1982ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், அரசினை எதிர்த்து வாக்களித்தோர் 33 பேரே. கட்சித் தலைமையின் நிலைப்பாட்டை மீறி அவருள் ஒருவராய் நின்ற டீயெல், தம் முன்வரிசைப் பதவியை இழந்தார். வாக்கு அன்றே தோற்றது, வினாவோ ஓயவில்லை. மே 2ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட ஆர்ஜென்டீனப் போர்க்கப்பலான ஜெனரல் பெல்கிரானோவில் 323 பேர் மாண்டனர். அக்கப்பல் பிரித்தானியக் கப்பற்படையை நெருங்கி வந்ததெனப் பாதுகாப்பு அமைச்சர் கூறினார். உண்மையில் அஃது அப்பாற் சென்றுகொண்டிருந்தது. மூழ்கடித்தமை முறையா என்பது வேறு; பாராளுமன்றத்துக்கு மெய் உரைக்கப்பட்டதா என்பதையே டீயெல் ஆண்டுக்கணக்கில் வினவினார்.

அமைச்சர்தம் விடைகள் முழுமையும் புலப்படுத்தினவா எனின், இல்லை. 1984இல் பாதுகாப்பு அமைச்சின் அலுவலரான கிளைவ் பொன்ரிங், இது தொடர்பான ஆவணங்களை டீயெலுக்கு மறைவாக அனுப்பினார். அதன்பொருட்டு வழக்குத் தொடரப்பட்ட அவரை 1985இல் யூரிமார் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். ஆவணமே உண்மையை உரைப்பின் வினா வீணன்றோ என்பார் உளர். அன்று, பதவியிழந்தும் அயராது வினவிய ஒருவர் இருந்தமையாலேயே அவ்வாவணங்களுக்குச் சென்றடைய ஓரிடம் இருந்தது.

ஆதலின், ஹன்சாட் அறிக்கையைப் பயிலும் மாணவர் வினாவை மட்டும் படித்து அமையாது, வாக்களித்தோர் பட்டியலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.