நடுவில் நிற்கும் நூல்: 'அட்டுவானின் கல்லறைகள்' - ஒரு திறனாய்வு

மூன்று நூல்களாக எழுதப்படும் மாயக்கதைத் தொகுதிகளில் இரண்டாம் நூலின் நிலை, மூத்த பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் இடையே பிறந்த நடுப்பிள்ளையின் நிலையை ஒத்தது. முதல் நூலுக்குப் புதுமை உண்டு. மூன்றாம் நூலுக்கு முடிவு உண்டு. இடையில் வருவதற்கோ கதையைச் சுமந்து சென்று அடுத்ததன் வாயிலில் இறக்கிவைக்கும் வேலையே எஞ்சுகிறது. டோல்கீனின் 'இரண்டு கோபுரங்கள்' (1954) இதற்குத் தக்க சான்று. ஒரே நெடுங்கதையாக எழுதப்பட்டதைப் பதிப்பகத்தார் மூன்றாகப் பிரித்து வெளியிட்டமையால், அது தொடக்கமின்றித் தொடங்குகிறது. கதைத்தலைவன் பகைவர் கையில் சிக்கிய நிலையில் நின்றுவிடுகிறது. எழுத்தின் குறையன்று இது. நடுநூலின் தலைவிதி எனலாம்.

இவ்விதிக்கு விலக்காக நிற்கும் ஒரு நூலை இங்கு ஆராய விழைகிறோம். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929-2018) எழுதிய 'எர்த்சீ' வரிசையின் இரண்டாம் நூலாகிய 'அட்டுவானின் கல்லறைகள்' (1971) என்பதே அது. இதற்கு முந்தையது 'எர்த்சீயின் மந்திரவாதி' (1968). பிந்தையது 'தொலைதூரக் கரை' (1972). தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து இத்தகைய ஆங்கிலக் கதைகளைக் கொண்டு வருவதும், பெற்றோர் 'மாயாஜாலக் கதைதானே' என்று ஒதுக்கிவிடுவதும் வழக்கம். இந்நூல் அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று; பிள்ளைகளோடு பெற்றோரும் பயில வேண்டியது என்பதே நம் கருத்து.

கதையின் போக்கு

எர்த்சீ என்பது கடலும் தீவுகளுமாகப் படைக்கப்பட்ட ஒரு கற்பனை உலகு. அதன் கிழக்கே கார்கு நாட்டுத் தீவுகளுள் ஒன்று அட்டுவான். அங்கே பாலைநிலத்தின் நடுவே, பெயரற்ற பழந்தெய்வங்களுக்குரிய கல்லறை மேடும் சிதைந்து வரும் ஒரு கோயிலும் உள்ளன. தலைமைக் குருத்தி இறந்தால் அவளே மீண்டும் பிறக்கிறாள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவள் இறந்த இரவில் பிறந்த பெண் மகவைத் தேடி, ஐந்து வயதில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டு வருகிறார்கள். டெனார் என்னும் பெயருடைய அச்சிறுமியின் கழுத்தின் மேல் வாள் ஓங்கப்பட்டு, வெட்டாமல் நிறுத்தப்படுகிறது. அன்று முதல் அவள் டெனார் அல்லள். 'அர்ஹா', அதாவது 'உண்ணப்பட்டவள்'.

கல்லறைக்கு அடியில் விளக்கேற்றக் கூடாத நிலவறையும், வழி தவறினால் மீள இயலாத சுரங்கச் சிக்கலும் இருக்கின்றன. தடவிப் பார்த்தே வழியறியும் கலையை அர்ஹா கற்கிறாள். ஒருநாள் அந்நிலவறையில் அவள் வாழ்நாளில் கண்டிராத ஒன்றைக் காண்கிறாள்: ஒளி. முறிந்துபோன ஒரு பழம் வளையத்தின் பாதியைத் தேடி வந்த கெட் என்னும் மந்திரவாதியின் கைத்தடியில் எரியும் ஒளி அது. அவனைச் சுரங்கத்துள் அடைத்துச் சாகவிடுவது அவள் கடமை. அக்கடமையை அவள் செய்தாளா என்பதே கதை.

அமைப்பின் துணிவு

முதல் நூலின் நாயகன் கெட். தொடர்ந்து படிக்கும் வாசகன் அவனையே எதிர்பார்த்து வருகிறான். ஆனால் பன்னிரண்டு இயல்கள் கொண்ட இந்நூலில் அவன் ஐந்தாம் இயலில்தான் தலைகாட்டுகிறான். அதுவும் திருடனாக, தெய்வக் குற்றம் புரிந்தவனாக, பகைவரின் கண்ணுக்கு எப்படித் தெரிவானோ அப்படியே தெரிகிறான். கார்கு மக்கள் வெள்ளை மேனியர். கெட்டோ செம்பழுப்பு நிறத்தவன். அவள் மொழி வேறு. அவன் மொழி வேறு. நாயகனை நாம் அறிவோம் என்று எண்ணியிருந்த வாசகனை எதிர்ப்புறம் நிறுத்தி, அவனையே அயலானாகக் காணச் செய்கிறார் ஆசிரியை. முதல் நூலின் கதையை நீட்டாமல் அதன் மறுபக்கத்தைக் காட்டியதாலேயே இந்நூல் பாலமாகத் தேயாமல் தனிநூலாக நிமிர்ந்து நிற்கிறது.

பெயரும் பெயரிழப்பும்

எர்த்சீயில் மந்திரம் என்பது ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிவதே. மெய்ப்பெயரை நம்பிக்கைக்குரிய ஒரு சிலரிடமன்றி எவரும் வெளியிடுவதில்லை. ஆசிரியையின் தந்தை ஆல்பிரட் குரோபர் மானிடவியலறிஞர். தாய் தியடோரா குரோபர், தம் இனத்தில் கடைசியாக எஞ்சிய அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் வரலாற்றை 1961-இல் நூலாக்கியவர். உலகம் அவரை 'இஷி' என்று அழைத்தது. அவர் மொழியில் அதற்கு 'மனிதன்' என்பதே பொருள். தம் இயற்பெயரை எவரிடமும் கூறாமலேயே 1916-இல் அவர் மறைந்தார். இதுவே கதைக்கு மூலம் என்று துணிந்துரைக்க மாட்டோம். ஆயினும் பெயர் என்பது ஒருவரின் உயிர்நிலை என்னும் உணர்வு அவ்வீட்டில் பேசப்படாத பொருளன்று.

இஷி தம் பெயரைத் தாமே காத்துக்கொண்டார், அர்ஹாவிடமிருந்தோ பறிக்கப்படுகிறது. சிறையிலிருக்கும் கெட் அவளை 'டெனார்' என்று அழைக்கும் இடமே நூலின் உயிர். அங்கே வாள் வீச்சில்லை, அரக்கரில்லை. ஒரு பெண்ணுக்கு அவள் பெயர் திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவே. அதற்குள் ஒரு பேரரசு கவிழ்ந்த அதிர்வை உணர்கிறோம்.

நம்பிக்கை போன பின்னும் நிற்கும் சடங்கு

இந்நூலின் தீமை கொம்பும் பல்லும் கொண்டு வரவில்லை; வழக்கமாக வருகிறது. மன்னனையே தெய்வமாக்கிய புதிய வழிபாட்டின் குருத்தி கோசிலுக்குப் பழந்தெய்வங்களிடத்தில் நம்பிக்கையில்லை. ஆயினும் சடங்குகள் குறைவற நடக்க வேண்டும், ஏனெனில் அவற்றில் அவளது அதிகாரம் உள்ளது. எந்த ஆணை, எதற்காகப் பிறந்தது என்பதை எவரும் அறியாமலேயே கோப்புகள் மேசைக்கு மேசை நகர்வதை நாள்தோறும் காணும் நம் போன்ற அலுவலக ஊழியர்க்கு இப்பாத்திரம் அயலாள் அல்லள். அதே வேளையில், இருள் வெறும் கற்பனை என்றும் ஆசிரியை கூறிவிடவில்லை. அது உண்டு, அஞ்சத்தக்கது, ஆனால் வணங்கத்தக்கதன்று என்கிறது நூல். பகுத்தறிவும் பணிவும் கலந்த நிலை இது.

விடுதலையின் பாரம்

மேலும் உயர்ந்தது இறுதிப் பகுதி. கல்லறைகள் இடிந்து, இருவரும் வெளியேறிய பின் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வருவதோ துயரம். மூன்று கைதிகளை இருளில் பட்டினியால் சாகும்படி ஆணையிட்டவள் அவள். அறியாப் பருவத்தில், பிறர் கற்பித்தபடி செய்ததுதான். ஆயினும் செய்தவள் அவளே. தன்னை விடுவித்தவனையே கொன்றுவிடலாமா என்று கத்தியோடு நிற்கும் அளவுக்கு விடுதலை அவளை அச்சுறுத்துகிறது. மொழியும் வழக்கமும் வேறான நாட்டில் தான் யாராக இருப்பது என்று கலங்குகிறாள். ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழியில் முதல் நாள் பேச நேர்ந்த எவருக்கும் அக்கலக்கம் விளங்கும். பழைய இடம் சிறையாகவே இருந்திருப்பினும், அங்கே அவளுக்கு ஒரு இடம் இருந்தது அன்றோ!

நூலின் குறை

குறையும் கூறுவது திறனாய்வின் கடன். பெண்ணைத் தலைவியாக்கிய நூல், அவள் பெயரை ஓர் ஆண் வந்து சொன்ன பின்னரே அவளை விழிக்கச் செய்கிறது. முடிவிலும் அவனது கரம் பற்றி, குழந்தை போல அவள் பெருநகருள் நுழைகிறாள். ஆனால் மறுபுறமும் நோக்க வேண்டும். கெட்டின் ஆற்றல் முழுவதும் இருளைத் தடுத்து நிறுத்துவதிலேயே செலவாகிறது. வழியறிந்து அவனை வெளியே கொணர்பவள் அவள்தான். நீர் தந்து உயிர் காத்தவளும் அவளே. எனினும் குறை குறையே. ஆசிரியையும் இத்தோடு அமையவில்லை. முத்தொகுதி முடிந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990-இல் 'தெஹானு'வை எழுதி, கணவனை இழந்த நடுவயதுக் குடியானவப் பெண்ணாக டெனாரை மீண்டும் கொணர்ந்தார். முத்தொகுதி பின்னர் வளர்ந்ததற்கு வித்து இந்த நடுநூலில்தான் கிடந்தது.

முடிவுரை

குழந்தைக்குப் பெயர் வைப்பவர் பெரியோர். அப்பெயருக்குரிய வாழ்வை வாழ வேண்டியது குழந்தை. தம் நம்பிக்கைகளைக் காப்பதற்காகப் பிள்ளையையே உணவாக்கும் சமூகம் எத்துணைத் தொன்மையுடையதாயினும் கல்லறைக்குக் காவல் நிற்கும் சமூகமே. மரபை நம் மக்களுக்குக் கைவிளக்காகக் கொடுக்கிறோமா, விளக்கேற்றக் கூடாத நிலவறையாகக் கொடுக்கிறோமா? அட்டுவான் என்னும் இல்லாத தீவிலிருந்து எழும் இக்கேள்வி, உள்ள வீடுகள் அனைத்துக்கும் உரியது.