பதிலி வேலை செய்தால் போதுமா?

உயிரணுவின் ‘ஆற்றல் நிலையம்’ என்று பாடநூல்கள் கூறும் மைட்டோகாண்டிரியா, சில புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்ளவும் செய்கிறது. மனிதரில் அத்தகைய புரதங்கள் 13. முன்னொரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழித்தோன்றலே மைட்டோகாண்டிரியா என்பது இன்று நிலைநாட்டப்பட்ட கருத்து. ‘ஆகவே, பாக்டீரியாவில் நடப்பதே இங்கும் அப்படியே நடக்கும்’ என்று சொல்லிவிடலாமா? அதற்குச் சான்று போலத் தோன்றும் ஒரு சோதனையை இங்கு எடைபோட்டுப் பார்ப்போம்.

புரதத் தயாரிப்பு தொடங்கும்போது, முதல் அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ., ரைபோசோமில் தனக்குரிய இடத்தில் அமர வேண்டும். பாக்டீரியாவில் இதற்கு மூன்று தொடக்கக் காரணிகள் உள்ளன. இரண்டாம் காரணி அதனை அமரச் செய்கிறது. முதற்காரணி, அடுத்துள்ள இடத்தை அடைத்துக்கொண்டு பிறிதொன்று முந்திக்கொள்ளாமல் தடுக்கிறது. மூன்றாம் காரணி, ரைபோசோமின் இரு பகுதிகளும் காலத்திற்கு முன்னரே இணைந்துவிடாமல் காக்கிறது. பாலூட்டிகளின் மைட்டோகாண்டிரியாவில் இரண்டாம், மூன்றாம் காரணிகளுக்கு இணையானவை உண்டு, முதற்காரணியைக் காணோம்! அதன் வேலையைச் செய்வது யார்?

2008-இல் ‘மாலிக்யூலர் செல்’ இதழில் இதற்கு விடை வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உமேஷ் வர்ஷ்னி, அமெரிக்காவின் லிண்டா ஸ்பிரெமுல்லி முதலியோர் செய்த ஆய்வு அது. ஈ. கோலி பாக்டீரியாவிலிருந்து இரண்டாம் காரணிக்குரிய மரபணுவை நீக்கினர். அதற்கு ஈடாக மாட்டின் மைட்டோகாண்டிரியக் காரணியைத் தந்தனர். பாக்டீரியா பிழைத்தது. அது மட்டுமன்று, இந்நிலையில் முதற்காரணி இல்லாமலும் அதனால் வாழ முடிந்தது. ஒரே காரணி இருவர் வேலையைப் பார்த்தது.

இந்த ஆய்வின் சிறப்பு இதோடு முடிவதில்லை. 2 ஓம், 3 ஓம் தடைகளைத் தொடராக இணைத்த மின்சுற்றில், அவற்றை எடுத்துவிட்டு ஒரு 5 ஓம் தடையை வைத்தால் அம்மீட்டர் வேறுபாடு காட்டாது. ஆனால் அந்தத் தடையின் உள்ளே என்ன இருக்கிறதென்பதையும் அது சொல்லாது. ஆய்வாளர்கள் இக்குறையை உணர்ந்தே செயற்பட்டனர். மைட்டோகாண்டிரியக் காரணியில் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு செருகல் உண்டு. அதை வெட்டிவிட்டுச் சோதித்தனர். வெட்டிய காரணி, இரண்டாம் காரணியின் பணியைச் செய்தது. ஆனால் முதற்காரணி மீண்டும் இன்றியமையாததாயிற்று. வேலையைச் செய்யும் உறுப்பு எது என்பது இவ்வாறு புலனாயிற்று.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் மறத்தலாகாது. பாக்டீரியா பிழைத்ததா, இல்லையா என்பது பருமட்டான அளவுகோல். மேலும், இங்கு களம் ஈ. கோலியின் 70எஸ் ரைபோசோம். பாலூட்டி மைட்டோகாண்டிரியாவில் இருப்பதோ 55எஸ் ரைபோசோம். ஈ. கோலியில் தொடக்கத்திற்கெனத் தனிக் கடத்து ஆர்.என்.ஏ. உண்டு, மைட்டோகாண்டிரியாவில் ஒரே வகை மெத்தியோனின் கடத்து ஆர்.என்.ஏ. தொடக்கத்திற்கும் தொடர்ச்சிக்கும் பயன்படுகிறது. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பாலும் தொடக்கக் குறிக்கு முன் ஒரு முன்பகுதி இருந்து ரைபோசோமைப் பற்ற உதவும். மைட்டோகாண்டிரியத் தூது ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலானவற்றில் அப்பகுதியே இல்லை.

பின்வந்த ஆய்வுகள் இரண்டையும் மெய்ப்பித்தன. 2011-இல், ஈ. கோலி ரைபோசோமில் அமர்ந்த மைட்டோகாண்டிரியக் காரணியை உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் படம் பிடித்தனர். செருகல், முதற்காரணி அமரும் இடத்திலேயே காணப்பட்டது. 2018-இல் பாலூட்டி மைட்டோகாண்டிரிய ரைபோசோமையே 3.2 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் ஆராய்ந்தபோது, முன்பகுதியற்ற தூது ஆர்.என்.ஏ.வை நிலையாகப் பிடித்துவைக்கவும் அச்செருகல் உதவுவது தெரிந்தது. பாக்டீரியா பிழைத்ததை மட்டும் வைத்து இப்பணியை ஊகித்திருக்க முடியாது. நாம் கேட்ட கேள்விக்குத்தான் பாக்டீரியா பதில் சொன்னது; கேளாததற்குச் சொல்லவில்லை.

இது வெறும் ஏட்டு வாதமன்று. பாக்டீரியாவைத் தாக்கும் குளோராம்ஃபெனிகால் மருந்து, மைட்டோகாண்டிரியாவின் புரதத் தயாரிப்பையும் தடுக்கிறது. எங்கே ஒப்புமை, எங்கே வேற்றுமை என்று துல்லியமாக அறிந்தால்தான் கிருமியை மட்டும் தாக்கும் மருந்தைத் தேட முடியும். ‘பதிலாக இயங்குகிறது’ என்பதும் ‘இரண்டும் ஒன்றே’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். 2008 ஆய்வு முன்னதை ஐயமற நிறுவியது. பின்னதை அதன் தலையில் ஏற்றுவது, அதைப் படிக்கும் நாம் செய்யும் தவறாகவே இருக்கும்.