ஜடேஜாவைக் கொடுத்தது சரி, பத்திரணவை விட்டதுதான் பிழை

திருகோணமலை லிங்கநகரில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் ஓட்டோ ஒன்றின் பின்கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. எட்டாம் இலக்கம், அதன் மேல் ஜடேஜாவின் பெயர். நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மழையில் அதன் ஒரு மூலை கிளம்பிச் சுருண்டுவிட்டது. ஓட்டோக்காரர் அதை உரிக்கவும் இல்லை, அழுத்தி ஒட்டவும் இல்லை. பொங்கலுக்கு முதல்நாள் வண்டி கழுவும்போதுகூட அந்த மூலையைத் தொடாமல்தான் துணி ஓடியது.

"அண்ணை, அவர் இப்ப ராஜஸ்தான். இன்னும் ஏன் வெச்சிருக்கிறீங்கள்?" என்று பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்டான்.

"அவனாப் போனானா, அனுப்பினாங்களா? அதை முதல்ல சொல்லு தம்பி. பிறகு உரிக்கிறன்."

தேத்தண்ணிக் கடையில் அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. இது வாடைக்காலம். கடல் முரண்டு பிடிக்கும் மாதங்களில் வள்ளங்கள் கரையேறிவிடும், ஆட்கள் நிழலில் இருந்து வலை பொத்துவார்கள். எந்தக் கண்ணைப் பொத்துவது, எந்தத் துண்டை வெட்டி எறிவது என்று தீர்மானிக்கிற பருவம் இது. ஐ.பி.எல். அணிகளுக்கும் இதே பருவந்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் இம்முறை வலையின் பாதியையே வெட்டிப் போட்டிருக்கிறது. திருகோணமலையில் மஞ்சள் சட்டைக்காரர் அதிகம். அதனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 15ஆம் திகதி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை எடுத்துக்கொண்டது. அதே நாளில் மதீஷ பத்திரண, டெவன் கொன்வே, ரச்சின் ரவீந்திரா உள்ளிட்ட பலரை விடுவித்தது. டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு அதுவரை ஆடாத இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி இந்திய ரூபாய் கொடுத்தது. ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், மற்றவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. இருவருக்கும் அடிப்படை விலை 30 இலட்சம்.

ஜடேஜா விஷயத்தில் நான் நிர்வாகத்தின் பக்கம். இதை எழுதும்போதே ஓட்டோக்கார அண்ணரின் முகம் என் கண்முன் வருகிறது. 2023 மே 30ஆம் திகதி விடியற்புறம் அகமதாபாத் இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் தேவைப்பட்டபோது, மோஹித் சர்மாவின் பந்தில் ஓர் ஆறும் ஒரு நாலும் அடித்து ஐந்தாவது கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் ஜடேஜா. அவரை அணித் தலைவர் டோனி தூக்கி நெஞ்சோடு வைத்த காட்சியை யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் நன்றி வேறு, அடுத்த மூன்று வருடத்துக்கான அணி வேறு.

2025இல் சென்னை எப்படி ஆடியது என்பதை நேராகப் பார்க்கவேண்டும். 14 போட்டிகளில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம், வரலாற்றில் முதல்முறையாக. சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து ஐந்து தோல்வி. ஏப்ரல் 11ஆம் திகதி கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ஓட்டம், அதைக் கொல்கத்தா 10.1 ஓவரில் எடுத்து முடித்தது. சொந்த மண்ணில் ஓர் அணி இப்படிப் படுத்தால் நோய் துடுப்பாட்டத்தின் தலைமாட்டில் இருக்கிறது என்றுதான் பொருள். முதல் ஆறு ஓவரில் ஓட்டம் வரவில்லை. அந்த வருடம் டோனிக்கு வயது 44 ஆனது, அவருக்குப் பிறகு கையுறை போட ஆள் தேவை. ஆரம்பத் துடுப்பாட்டம், விக்கெட் காப்பு, தேவைப்பட்டால் தலைமை, இந்த மூன்றையும் ஓர் இந்திய வீரர் தருவார் என்றால் அவர் சாம்சன்தான். 2025 முடிவில் 31 வயது, அதுவரை ஐ.பி.எல்.லில் மூன்று சதம், ராஜஸ்தானை 2022இல் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோன தலைவர். ஜடேஜாவுக்கு அப்போது 37 வயது.

கணக்கும் சென்னைக்குத்தான் சாதகம். ஜடேஜாவின் 18 கோடியும் கரனின் 2.4 கோடியும் வெளியே போக, சாம்சனின் 18 கோடி உள்ளே வந்தது. 2.4 கோடி மிச்சம்.

"அவனாப் போனானா, அனுப்பினாங்களா" என்ற அண்ணரின் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது. ஐ.பி.எல். விதிப்படி வீரர் சம்மதிக்காமல் மாற்றம் நடக்காது. ஜடேஜா சம்மதித்தார். அதுவும் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி. நான்கு கோடியைக் கைவிட்டு ஒருவர் போகிறார் என்றால் போக மனம் இருந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். ராஜஸ்தான் அவருக்குப் புதிய வீடும் இல்லை. 2008இல் ஷேன் வோர்னின் கீழ் பத்தொன்பது வயதுப் பையனாக முதல் கிண்ணம் வென்றது அங்கேதான். 2022இல் சென்னை அவரைத் தலைவராக்கி, எட்டுப் போட்டிகளோடு பதவி மறுபடி டோனியிடம் போனதையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

வீரரைப் பண்டம்போல மாற்றிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவின் பேஸ்போலில் நூறு வருடத்துக்கு மேலாக ஊறியது. அங்கே சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 1958 முதல் 12 பருவம் ஆடியவர் கேர்ட் ஃபிளட். ஜடேஜாவைப் போலவே களத்தடுப்பில் பேர்போனவர், இரண்டு தடவை கிண்ணம் வென்றவர். 1969 ஒக்டோபரில் அவரை ஒரு சொல்லும் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். "என்னை வாங்கி விற்க நான் பொருளல்ல" என்ற நிலைப்பாட்டோடு அவர் நீதிமன்றம் போனார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அந்த வழக்கோடு போயிற்று. ஆனால் 1973இல் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்ற விதி வந்தது. ஜடேஜாவும் சென்னைக்கு 12 பருவம் ஆடியவர். ஃபிளட்டிடம் யாரும் கேட்காத சம்மதத்தை ஜடேஜாவிடம் கேட்டார்கள். அண்ணரே, இதையும் நீங்கள் யோசிக்கவேண்டும்.

இனிப் பத்திரண.

எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் மென்பந்து விளையாடும் பிள்ளைகளைப் பாருங்கள். டென்னிஸ் பந்தின் ஒரு பாதிக்கு மட்டும் நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். ஓடிவருகிறவனுக்குப் பத்து வயது இருக்கும், காலில் செருப்பில்லை. கை தலைக்கு மேலே போவதில்லை, தோளுக்கு வெளியே தட்டையாகச் சுழன்று, நடுவர் நிற்கும் இடத்தில் நடப்பட்ட தடிக்குப் பக்கவாட்டிலிருந்து பந்து வெளியே வருகிறது. பத்தில் நாலு பந்து வேலிக்குள் போகும். அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மலிங்க ஆடியது நினைவிருக்கிற வயதுப் பிள்ளை அல்ல அவன், மனதில் மலிங்கவை வைத்திருக்க. அவன் பார்த்து வளர்ந்தது பத்திரணவைத்தான், அதுவும் மஞ்சள் சட்டையில்.

கண்டியிலிருந்து வந்த அந்தப் பொடியனை 2022இல் காயப்பட்ட அடம் மில்னுக்குப் பதிலாகச் சென்னை கூட்டிக்கொண்டு போனது. ஐ.பி.எல்.லில் போட்ட முதல் பந்திலேயே சுப்மன் கில்லின் விக்கெட். 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட், ஓவருக்கு 8 ஓட்டந்தான். 2024இல் காயத்தோடு ஊர் திரும்புமுன் ஆடிய 6 போட்டிகளில் 13 விக்கெட், வான்கடேயில் மும்பைக்கு எதிராக 28 ஓட்டத்துக்கு நாலு. கடைசி ஓவர்களில் அடிக்க வருகிறவர்களை இப்படிக் கட்டிப்போட்ட ஒருவரை அவர்கள் 13 கோடிக்குத் தக்கவைத்தது நியாயமே. 2025இல் 12 போட்டிகளில் 13 விக்கெட், ஓவருக்குப் 10 ஓட்டத்துக்கு மேல். அகலப்பந்துகள் கூடின. அதோடு வழியனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நல்ல பருவத்துக்கும் ஒரு கெட்ட பருவத்துக்கும் நடுவில் என்ன மாறியது? டுவைன் பிராவோ. 2023, 2024இல் சென்னையின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளர் அவர். மெதுவான பந்தையும் யோர்க்கரையும் கடைசி ஓவரில் எப்போது கலக்கவேண்டும் என்று உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர். 2024 செப்டெம்பரில் அவர் கொல்கத்தாவின் ஆலோசகராகப் போய்விட்டார். அடுத்த பருவமே பத்திரண தடுமாறினார். பயிற்றுவிப்பாளரின் சம்பளம் வீரர்களுக்கான ஏலப் பணத்தில் வராது. பிராவோவை வைத்திருக்க ஒரு வீரரைக்கூட விடவேண்டியிருக்கவில்லை. பிராவோவுக்கு வேறு இடம் போக ஆசை இருந்திருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்கத்துக்கு மாறான கையசைவுள்ள ஒரு வீச்சாளருக்குப் பக்கத்தில் அவனைப் புரிந்தவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நிர்வாகம் எண்ணியிருக்கவேண்டும்.

இன்னொன்று, பத்திரண பதினாறாவது ஓவருக்குப் பிறகு வேலை செய்கிறவர். 103 ஓட்டம் எடுத்துவிட்டுப் பதினோராவது ஓவரில் போட்டி முடிந்தால் அவருக்கு வேலையே இல்லை. துடுப்பாட்டக்காரர் செய்த குற்றத்துக்கு வீச்சாளரின் இலக்கங்களும் சேர்ந்து கெட்டன. சாம்சனை எடுத்ததன் மூலம் துடுப்பாட்டந்தான் நோய் என்று நிர்வாகமே ஒத்துக்கொண்டது. பிறகு ஏன் வீச்சாளனைத் தண்டிக்கவேண்டும்?

ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. ஐ.பி.எல். ஏலத்தில் ஓர் இலங்கை வீரருக்குக் கிடைத்த ஆகக்கூடிய விலை அது. சென்னை கொடுத்துக்கொண்டிருந்ததைவிட ஐந்து கோடி அதிகம். அங்கே ஆலோசகர் யார்? பிராவோ. கொல்கத்தாக்காரர் என்ன நினைத்து அந்தப் பணத்தைக் கொட்டினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் கொடுத்த பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். கையில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடி இருபது வயதை ஒட்டிய இருவருக்குப் போனது பெரிய துணிச்சல். 2018இல் முப்பது தாண்டியவர்களை வைத்தே கிண்ணம் வென்ற அணி, ஏழு வருடம் அந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்திருந்தது. 2025இன் நடுவில் வேறு வழியில்லாமல் கூப்பிட்ட 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்ததும்தான் கண் திறந்தது. திறந்தது நல்லது. ஜடேஜாவின் இடத்துக்கு வீர், டோனியின் பின்னால் கார்த்திக் என்று போடும் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்குக்குள் 22 வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு இடம் இல்லாமல் போனதுதான் எனக்கு விளங்கவில்லை. அவனும் இளைஞன்தானே.

எங்கள் ஊரில் இது வெறும் அணிக் கணக்கும் அல்ல. 2008இல் முத்தையா முரளிதரன் மஞ்சள் சட்டை போட்டபோது இங்கே எத்தனை வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் பாய் விரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று முடிவானது. அந்த வருடம் சென்னை அணியிலேயே நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் இருந்தார்கள், அவர்களுக்குச் சொந்த மைதானமே மூடியிருந்தது. அதற்கான காரணங்கள் நம் எல்லோரையும் தொட்டவை, அதை இங்கே விரிக்கவில்லை. பத்து வருடம் கழித்து அதே சேப்பாக்கத்தில் பத்திரணவுக்கும் மஹீஷ் தீக்ஷனவுக்கும் கூட்டம் எழுந்து நின்று கூவியது. அந்தச் சத்தத்தை இந்தக் கரையிலிருந்து கேட்ட தமிழனுக்கும் சிங்களவனுக்கும் முஸ்லிமுக்கும் அது ஒரே நேரத்தில் பிடித்திருந்தது. அப்படி எல்லோருக்கும் சேர்ந்து பிடித்த விஷயங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன?

எங்களுக்கென்று ஓர் அணி இருந்தால் நாங்கள் ஏன் சென்னையின் வரவுசெலவைப் பார்க்கப்போகிறோம் என்று கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லங்கா பிரீமியர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணி. கிழக்குக்கு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணம் முதல் ஐந்து தொடரில் நான்கை வென்றது, அதை நாங்களும் எங்கள் வெற்றியாகவே கொண்டாடினோம். அதன் உரிமையாளருடனான ஒப்பந்தத்தையும் 2025 ஏப்ரலில் இலங்கை கிரிக்கெட் முறித்துக்கொண்டது. வருடக் கடைசியில் நடக்கவிருந்த தொடரும் தள்ளிப்போனது. மக்கெய்சர் அரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஓடித்திரியும் பிள்ளைகள், தொலைக்காட்சியில் யாரைப் பார்த்துப் பந்து வீசப் பழகுவது?

அண்ணரிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். ஜடேஜாவைக் கொடுத்ததில் நிர்வாகத்துக்கு முழுப் புள்ளி, இளைஞர்களை எடுத்ததில் பாதிப் புள்ளி, பத்திரணவை விட்டதில் ஒன்றுமில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டும் பிழை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். ஸ்டிக்கர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சென்னை வேண்டாம் என்று விட்ட மதீஷ பத்திரணவுக்கு, ஏலம் முடிந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18ஆம் திகதிதான் 23 வயது நிறைந்தது.