வலையின் கண்கள்

மணப்பாட்டுக் கடற்கரை. மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே, சாயங்கால நிழலில், நைலான் வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் ஒரு மீனவரும் அவர் மனைவியும்.

கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார் அவர். கிழிசலை முதலில் வெட்டிச் சீராக்க வேண்டும். பிய்ந்த நுனிகளில் முடிச்சு நிற்காது. பிறகு, நூல் சுற்றிய தட்டை ஊசி கண்ணுக்குக் கண் ஏறி இறங்குகிறது. புதுக் கண் பழைய கண்ணின் அளவிலேயே விழ வேண்டும். சிறுத்தால் அந்த இடத்தில் வலை சுருங்கும். இதைவிட நுணுக்கமான கைவேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஏளா, கண்ணு கோணுது பாரு."

"கோணுறது கண்ணில்ல, உங்க பார்வைதான்."

சிரித்த சிரிப்பில் ஊசி மணலில் விழுகிறது.

வேலைக்கு நடுவே வேதக் கதை வருகிறது: யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் 153 பெரிய மீன்கள் விழுந்தும் வலை கிழியவில்லை. மீன் பட்டதைவிட வலை கிழியாததுதான் மீனவருக்குப் பெரிய புதுமை. சொல்லும்போது குரலே இறங்கிவிடுகிறது. அந்த வலையை இழுத்த சீடர் இராயப்பருக்கு மாமியாரும் இருந்தார், காய்ச்சலில் கிடந்தவரை இயேசு கைபிடித்துத் தூக்கிவிட்டார் என்கிறார் நற்செய்தியாளர் மாற்கு. கடலும் குடித்தனமும் அறிந்தவர்தான் திருச்சபையின் பாறை! இந்தக் கரைக்கு அவர் எவ்வளவு சொந்தம்.

கடைசி நூலை மனைவி பல்லால் கடித்து அறுக்கிறார். மீனவர் புதுக் கண்களில் விரலை ஓட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொள்கிறார். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வலையை மடிக்கிறார்கள்.